பத்தொன்பதாம் பிரிவை எழுதியவள்

ஒரு சட்டத்தை எழுதியவள் பிழையாக எழுதிவிட்டாள். பிழையென்று தெரியாமல் எல்லோரும் கைதூக்கி அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இப்போது எது சட்டம்? அவர்கள் மனதில் இருந்ததா, தாளில் இருந்ததா?

இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. எழுதியவள் நானே என்பதால், தெரியாது என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

நான் ஓய்வுபெற்றவள். வயது முப்பத்துநான்கு. சிரிக்க வேண்டாம். ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினொரு வருடம் வேலை செய்தேன். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு திரும்பிப் போகவில்லை. மூத்தவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு எட்டு மாதம். இருவரையும் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவது சரியா என்று ஆறு மாதம் யோசித்தேன். போகாமல் விட்டது சரியா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் இடத்துக்கு வந்திருக்கும் ஷாமினி போன மாதம் தொலைபேசியில் கேட்டாள். "அக்கா, நீங்கள் உந்தச் சங்க யாப்பெல்லாம் இருந்து எழுதினீங்களோ? இப்ப கொம்பியூட்டரிலை பேரையும் ஊரையும் குடுத்தால் நாலு நிமிசத்திலை வருது." அவள் நல்ல பிள்ளை, குத்திக் கேட்கவில்லை. "எப்பிடி எழுதினீங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்றும் கேட்டாள். எழுத உட்கார்ந்தால் பதினொரு வருடமும் ஒரே ஒரு பிரிவில் வந்து நிற்கிறது.

எங்கள் அலுவலகத்தின் பாதி வேலை சங்கங்களுக்கு யாப்பு எழுதுவது. யாப்பு என்றால் ஒரு சங்கத்தின் அரசியலமைப்பு. யார் அங்கத்தவர், யார் தலைவர், தலைவர் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதெல்லாம் அதில் இருக்கும். ரொறன்ரோவில் ஊருக்கு ஒரு சங்கம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சங்கம், விளையாட்டுக்கு ஒரு கழகம். ஒன்று உடைந்தால் இரண்டு புது யாப்பு வேண்டும். எங்களுக்குக் குறைவில்லாத வேலை.

அலுவலகத்தின் சொந்தக்காரி லலிதா மேடம். மதுரைக்காரர், யாப்பைப் பைலா என்பார். அங்கே வழக்காடியவர், இங்கே வந்து மறுபடி எல்லாச் சோதனையும் எழுதியவர். முதல் இரண்டு வருடமும் நான் அவரிடம் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம்: தாளை நேராக அடுக்கப் படித்தேன், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் படித்தேன், தேநீரைக் கோப்புகளிலிருந்து இரண்டடி தள்ளி வைக்கப் படித்தேன்.

அவர் ஒரு யாப்பைச் சரிபார்க்கும் விதத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அவரிடம் கோடு போடும் பச்சை நிறப் பிளாஸ்டிக் அடிமட்டம் ஒன்று இருந்தது. கூட்டக் குறிப்பு அவர் முன்னால், நான் எழுதிய யாப்பு என் கையில். நான் சத்தமாக வாசிக்க வேண்டும். காற்புள்ளியைக்கூட வாயால் சொல்ல வேண்டும். அவர் அடிமட்டத்தை வரி வரியாக இறக்கிக்கொண்டு வருவார். அடிமட்டம் நின்றால் நானும் நிற்க வேண்டும். ஏன் நின்றது என்று அவர் சொல்ல மாட்டார். நானே கண்டுபிடிக்கும்வரை அது அங்கேயே கிடக்கும்.

வாசித்து முடிந்ததும் ஒரு கேள்வி வரும். "சரி. இப்ப இந்தத் தலைவர் நாற்காலியில உங்க சங்கத்துலயே மோசமான ஆள உக்கார வை. உக்கார வெச்சியா? இப்ப மறுபடி முதல்லருந்து வாசி."

"மேடம், இப்ப இருக்கிற தலைவர் நல்ல மனுசன்."

"நல்லவங்களுக்கு பைலா எதுக்கும்மா? ஒரு புன்னகை போதும்."

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெற்றுத்தாளில் யாப்பைத் தொடங்குபவர் எங்கள் தொழிலில் யாரும் இல்லை. பழைய யாப்புகள் எல்லாம் ஒரு மேசை லாச்சிக்குள் இருக்கும். புதிதாக வருபவர்களின் தேவைக்குக் கிட்டியதாக ஒன்றை எடுத்து, பேரை மாற்றி, கூட்டக் குறிப்பில் உள்ளபடி ஒவ்வொரு பிரிவையும் திருத்திக்கொண்டு போவோம். திருத்தாமல் விட்டதைப் பிடிக்கத்தான் அந்த அடிமட்டம்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கங்கள் எங்களிடம் வந்தன. பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். ரொறன்ரோ, மொன்றியல், நியூ ஜேர்சி, பொஸ்ரன், கலிபோர்னியா என்று ஐந்து கிளைகள். ஐந்தும் சேர்ந்து ஒரு ஒன்றியம் அமைக்க வேண்டும். ஞாயிறு காலைகளில் சூமில் கூட்டம், ஏழு ஞாயிறு. குறிப்பெடுப்பதும் யாப்பை எழுதுவதும் என் வேலை.

ரொறன்ரோவின் பேச்சாளர் தர்மா அங்கிள். இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், அங்கே அந்தப் பள்ளிக்கூடத்தில் சிரேஷ்ட மாணவ தலைவராக இருந்தவர். அந்தப் பதவியிலிருந்து யாரும் தன்னை இன்னும் முறைப்படி நீக்கவில்லை என்பதுபோலத்தான் பேசுவார். நியூ ஜேர்சியிலிருந்து வந்தவர் சிவநேசன் அண்ணை, மருந்தாளர். அமெரிக்க அரசியலமைப்பின் சின்னப் புத்தகம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர். கமராவில் அது எப்போதும் பாதி தெரியும்.

முதல் ஞாயிறே சண்டை.

"நாங்கள் கனடாவிலை இருக்கிறம், கனடா முறையிலை எழுதினால் என்ன?" என்றார் தர்மா அங்கிள்.

"கனடாவுக்கு ஒரு அரசர் இருக்கிறார் அண்ணை. எங்கடை ஒன்றியத்துக்கு ஆர் அரசர்? நீங்களோ?"

தர்மா அங்கிள் உடனே மறுக்கவில்லை. அந்தத் தயக்கம்தான் மற்ற நான்கு கிளைகளையும் அமெரிக்கப் பக்கம் சாய்த்தது என்று நினைக்கிறேன்.

சிவநேசன் அண்ணை வாராவாரம் ஒரு தத்துவத்தோடு வந்தார். முதலாவது, அதிகாரம் எங்கிருந்து வருகிறது. அமெரிக்காவின் யாப்பு "மக்களாகிய நாங்கள்" என்று தொடங்குகிறதாம். நாங்களும் "பழைய மாணவர்களாகிய நாங்கள்" என்று தொடங்கினோம். இரண்டாவது, அதிகாரத்தை ஒரே கையில் கொடுக்கக் கூடாது. விதி செய்பவர் ஒருவர், நடத்துபவர் ஒருவர், தகராறு வந்தால் தீர்ப்பவர் இன்னொருவர். ஒருவர் மற்றவரை மறிக்கவும் வழி இருக்க வேண்டும். "மறிக்கிறதுக்கு எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை" என்று மொன்றியல்காரர் சொன்னது குறிப்பில் இல்லை, நான் எழுதவில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்தது சமஷ்டி, அதாவது கூட்டாட்சி. ஐந்து கிளைக்கும் இரண்டிரண்டு வாக்காகச் சம இடம் உள்ள ஒரு சபை, அங்கத்தவர் தொகைப்படி இன்னொரு சபை, இரண்டும் சம்மதித்தால்தான் ஒரு முடிவு. அமெரிக்காவில் சின்ன மாநிலங்களும் பெரிய மாநிலங்களும் அப்படித்தான் ஒத்துப்போயினவாம். அப்போது ரொறன்ரோவில் நானூறு பேருக்கு மேல். நியூ ஜேர்சியில் இருபத்தேழு.

"நானூறு பேருக்கும் ரெண்டு வாக்கு, இருபத்தேழு பேருக்கும் ரெண்டு வாக்கோ?" தர்மா அங்கிள் கமராவுக்குக் கிட்ட வந்துவிட்டார். நெற்றி மட்டும் தெரிந்தது. "பெரும்பான்மைக்கு ஒரு மரியாதை இல்லையோ?"

மொன்றியல்காரர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "அங்கிள், நீங்கள் ஐம்பது வருசமா இலங்கையிலை தமிழருக்குச் சமஷ்டி வேணும் வேணும் எண்டு மேடை போட்டுக் கேட்ட ஆள் எல்லோ."

ஐந்து பெட்டியிலும் யாரும் அசையவில்லை. இணையம் நின்றுவிட்டதோ என்று நான் என் கையை ஆட்டிப் பார்த்தேன்.

"அது வேறை, இது வேறை" என்றார் தர்மா அங்கிள்.

குறிப்பில் நான் "விவாதிக்கப்பட்டது" என்று எழுதினேன். இரண்டு சபை என்பது அன்றே நிறைவேறியது.

ஐந்தாவது ஞாயிறு, எழுதிக்கொடுத்த அதிகாரம் மட்டும்தான் ஒன்றியத்துக்கு, எழுதாதது எல்லாம் கிளைகளுக்கு என்று முடிவானது. யார் "பழைய மாணவர்" என்பதை ஒன்றியத்தின் பட்டியலில் போடுவதா என்று கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம். "அதை அந்தந்தக் கிளை பாக்கட்டும் பிள்ளை" என்றார் தர்மா அங்கிள். எல்லோருக்கும் பசி, ஏகமனதாக நிறைவேறியது.

ஆறாவது ஞாயிறுதான் பத்தொன்பதாம் பிரிவு. தலைவர் யாப்பை மீறினால் யார் கேட்பது? மூன்று பேர் கொண்ட மீளாய்வுக் குழு. அதன் சொல் தலைவரைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்த வேண்டும் என்றார் சிவநேசன் அண்ணை. தர்மா அங்கிள் தன் வாழ்க்கையிலேயே கூர்மையான கேள்வியை அன்று கேட்டார்.

"உம்மடை அமெரிக்க யாப்பிலை அப்பிடி எழுதியிருக்கோ?"

சிவநேசன் அண்ணை சின்னப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு மூடினார். "உண்மையைச் சொன்னால், நேரடியா இல்லை. நீதிமன்றம் பிறகு ஒரு வழக்கிலை தானாச் சொன்னது, எங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கு எண்டு. மற்றவை ஏற்றுக்கொண்டினம்."

"ஆ! தானாச் சொன்னது!"

மூன்றுக்கு இரண்டு. மீளாய்வுக் குழுவின் கருத்து ஆலோசனை மட்டுமே, முடிவு தலைவருடையது. நான் குறிப்பில் எழுதி அடிக்கோடும் இட்டேன். அடிக்கோடு இட்டதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கஷ்டம்.

யாப்பை எழுதிய வாரம், மகள் பராமரிப்பு நிலையத்துக்குப் போகத் தொடங்கிய வாரம். ஒரு வயது. திங்கள் அழுதாள், செவ்வாய் அழவில்லை, ஏன் அழவில்லை என்று நான் அழுதேன். வியாழன் காலை பத்து மணிக்கு அங்கிருந்து அழைப்பு, காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. மேடம் நகருக்குள் நீதிமன்றத்தில். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடலில் வாக்கெடுப்பு, வியாழனே அச்சடிக்க அனுப்ப வேண்டும்.

எனக்கு ஒரு காலுக்குச் செருப்புப் போட மட்டும்தான் நேரம் இருந்தது. சத்தமாக வாசிக்கவில்லை. அடிமட்டம் மேசையில் கிடந்தது. அனுப்பு என்று அழுத்திவிட்டு ஓடினேன்.

அந்த யாப்புக்கு நான் லாச்சியிலிருந்து எடுத்தது ஒரு பட்மின்ரன் கழகத்தின் யாப்பு. கிளைகள் உள்ள கழகம் என்பதால் கிட்டியதாக இருந்தது. நடுவர் தீர்ப்பை யாரும் ஏற்காமல் மட்டையால் அடிபட்டவர்கள் அவர்கள். அதனால் அவர்கள் யாப்பில், மீளாய்வுக் குழுவின் தீர்ப்பு இறுதியானது, தலைவர் உட்பட அனைவரையும் கட்டுப்படுத்தும் என்று இருந்தது. முப்பது பிரிவுக்கு மேல் நான் ஒழுங்காகத் திருத்தினேன். அந்த ஒன்றைத் திருத்தவில்லை.

மோர்னிங்சைட் பூங்காவில் ஒன்றுகூடல். நல்ல வெயில். யாப்பின் பிரதியால் சிலர் விசிறினார்கள், சிலர் அதற்கு மேல் மட்டன் றோல்ஸ் வைத்துச் சாப்பிட்டார்கள், ஒரு பிள்ளை கப்பல் செய்தது. தர்மா அங்கிள் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் வாசிச்சனீங்கள்தானே?"

"ஓம்!"

நானும் சொன்னேன். கைகள் உயர்ந்தன, சிலவற்றில் றோல்ஸ். மற்ற நான்கு கிளைகளும் தங்கள் தங்கள் ஒன்றுகூடலில் நிறைவேற்றின. தர்மா அங்கிள் ஒன்றியத்தின் முதல் தலைவரானார். பூங்கா மேசையில் வைத்து, சட்டைப் பைப் பேனையால், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார்.

அடுத்த வருடம் நியூ ஜேர்சிக் கிளை றெஜினா அக்காவைத் தலைவியாகத் தெரிவுசெய்தது. மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை, ஐம்பது வயதிருக்கும். மண்டபம் பதிவு செய்வதும் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதும் அந்தக் கிளையில் அவர் ஒருவர்தான் என்பதால் போட்டியே இருக்கவில்லை. ஆனால் அவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது ஒன்றே கால் வருடம் மட்டும் என்று யாரோ தர்மா அங்கிளுக்குச் சொல்லிவிட்டார்கள். குறைந்தது மூன்று வருடம் படித்தால்தான் பழைய மாணவர், ஆகவே உங்கள் பதவி செல்லாது என்று, யாப்பில் எங்குமே இல்லாத ஒரு கணக்கோடு, ஒன்றியத் தலைவரிடமிருந்து அவருக்குக் கடிதம் போனது. றெஜினா அக்கா மீளாய்வுக் குழுவுக்கு முறையிட்டார்.

அந்த விசாரணைக்கும் குறிப்பெடுத்தது நான்தான். சின்னவன் வயிற்றில், கமராவை மூடிவிட்டுக் கையில் ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, குமட்டலுக்கு மோந்துகொண்டு இருந்தேன்.

"எத்தனை வருசம் படிச்சனீங்கள்?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"ஒரு வருசமும் மூண்டு மாசமும். நாலாம் மாசம் இடம்பெயர்ந்தம். பள்ளிக்கூடமும் இடம்பெயர்ந்தது. அது ஒரு பக்கம் போச்சு, நாங்கள் ஒரு பக்கம் போனம்." றெஜினா அக்கா சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். "பிறகு மூண்டு பள்ளிக்கூடத்திலை படிச்சன். ஒவ்வொண்டிலையும் என்னை அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எண்டுதான் கூப்பிட்டவை. இப்ப நீங்கள் நான் அந்தப் பிள்ளையும் இல்லை எண்டால், எந்தப் பிள்ளை எண்டதையும் சொல்லி விடுங்கோ. எனக்கு எழுதி வைக்க வேணும்."

தேசிக்காயை மேசையில் வைத்தேன். எழுத மறந்துபோனேன்.

இரண்டுக்கு ஒன்று. அங்கத்துவம் கிளையின் அதிகாரம், ஒன்றியத் தலைவர் தலையிட முடியாது, றெஜினா அக்கா பதவியில் தொடரலாம்.

"நல்ல ஆலோசனை" என்றார் தர்மா அங்கிள். "நன்றி. நான் ஏற்கேல்லை."

"அங்கிள், பத்தொன்பதாம் பிரிவை ஒருக்கா வாசியுங்கோ" என்றார் றெஜினா அக்கா.

தர்மா அங்கிள் மாணவ தலைவர் குரலில் வாசிக்கத் தொடங்கினார். "மீளாய்வுக் குழுவின் தீர்ப்பு இறுதியானது..." குரல் இறங்கிக்கொண்டு போனது. "தலைவர் உட்பட..." அதற்கு மேல் உதடு மட்டும் அசைந்தது. சிவநேசன் அண்ணையின் புருவம் தலைமயிர்வரை ஏறியது. ஆறாவது ஞாயிறு அந்த வாக்கில் தோற்றவர் அவர்தான், அவருக்கே அது புதுச் செய்தி. அடுத்த ஞாயிறு கூடுவோம் என்று கலைந்தார்கள்.

எனக்கு மட்டும் தெரியும், அது பட்மின்ரன் கழகத்தின் வசனம் என்று.

மறுநாள் மேடத்தின் அறைக்குள் போனேன். "மேடம், நான் ஒரு பிழை விட்டிட்டன்."

"உக்காரு. மினிட்ஸ் எங்க, பைலா எங்க?"

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அடிமட்டம் இறங்கி, பத்தொன்பதில் நின்றது. இந்தத் தடவை நான் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"சத்தமா வாசிச்சியா?"

"இல்லை மேடம்."

அவ்வளவுதான் ஏச்சு. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என் ஆபீஸ்லருந்து போன பேப்பர். தப்பு என்னோடது. நான் இல்லாதப்ப எதுவும் போகக் கூடாதுன்னு நான் எழுதி வெச்சிருக்கணும்" என்றார்.

"நான் போய் அவையிட்டைச் சொல்லவோ?"

"கேட்டா உள்ளதச் சொல்லு. பொய் மட்டும் சொல்லாத. ஆனா கேக்காத கேள்விக்கு பதில் சொல்லி ஒரு வழக்க நீ முடிச்சு வெக்காத. அவங்க ஓட்டு போட்டது உன் மனசுக்கு இல்ல, இந்தத் தாளுக்கு."

"அவை வாசிக்கேல்லையே மேடம்."

"வாசிக்காம ஓட்டு போட்டதெல்லாம் செல்லாதுன்னா எந்த நாட்டுலயும் ஒரு சட்டம் மிஞ்சாதும்மா."

நான் அதை ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டது அது சரி என்பதாலா, எனக்கு வசதி என்பதாலா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். இறங்க வேண்டிய பஸ் தரிப்பிடம் போய்விட்டது.

ஞாயிறு வந்தது. தர்மா அங்கிள் கட்டிய கழுத்துப்பட்டியோடு வந்தார். "நாங்கள் முடிவெடுத்தது ஆலோசனை மட்டும் எண்டு. எல்லாருக்கும் ஞாபகம் இருக்குத்தானே?"

சிவநேசன் அண்ணை மிகவும் பணிவாகக் கேட்டார். "அண்ணை, ஒரே ஒரு கேள்வி. நீங்கள் உதைக் கையெழுத்து வைக்க முதல் வாசிச்சனீங்கள்தானே?"

நான் என் ஒலிவாங்கிப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்தேன்.

தர்மா அங்கிளின் முகத்தில் இரண்டு வழியும் தெரிந்தது. வாசிக்கவில்லை என்றால் பிரிவு பிழை. வாசித்தேன் என்றால் பிரிவு சரி. சூமில் எண்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் பாதிப்பேரை அவர் ஒரு காலத்தில் சீருடைக்குக் கழுத்துப்பட்டி கட்டாமல் வந்ததற்காக வரிசையில் நிறுத்தியவர்.

"வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற ஆளோ நான்?" என்று வெடித்தார்.

"அப்ப சரி அண்ணை. நானும் வாசிச்சனான்" என்றார் சிவநேசன் அண்ணை. மொன்றியலும் வாசித்ததாம். பொஸ்ரன் இரண்டு தரம் வாசித்ததாம். எல்லோரும் வாசித்து, யோசித்து, மனமொப்பி நிறைவேற்றிய ஒரு பிரிவை அந்த ஐந்து நிமிடத்தில் என் கண் முன்னால் கண்டுபிடித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். றெஜினா அக்கா தலைவியாகத் தொடர்ந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் ஷாமினிக்கு இதை ஒரு நல்ல கதையாகச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகு தர்மா அங்கிள் உண்மையாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டார். பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விடும்வரை காத்திருக்கும் நேரத்தில் யாப்பு முழுவதையும், ஏழு ஞாயிறுக் குறிப்பையும் வாசித்தாராம். இரண்டு வாரத்துக்கு முன் என்னை அழைத்தார்.

"பிள்ளை, சுகமா? சின்னவன் தவழுறானோ? நல்லது. உந்தப் பத்தொன்பது உன்ரை கைப்பிழைதானே?"

நேராகக் கேட்டுவிட்டார். "ஓம் அங்கிள்" என்றேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு சுமை இறங்கியது, உடனே இன்னொன்று ஏறியது.

"எனக்கு றெஜினாவிலை ஒரு கோபமும் இல்லை. ஆனால் நாங்கள் தீர்மானிச்சது ஒண்டு, எழுதினது ஒண்டு. உது நீதியோ, நீயே சொல்லு. முப்பத்தோராம் பிரிவைப் பார். எழுத்தரின்ரை கைப்பிழை எண்டு எழுதினவரே கடிதம் தந்தால், வாக்கெடுப்பு இல்லாமல் தலைவர் திருத்தலாம். ஒரு பக்கக் கடிதம் போதும்."

முப்பத்தோராம் பிரிவு உண்மையாகவே அவர்கள் தீர்மானித்தது, குறிப்பில் இருக்கிறது. மற்ற எந்தத் திருத்தத்துக்கும் ஐந்தில் நான்கு கிளை சம்மதிக்க வேண்டும். நியூ ஜேர்சியும் பொஸ்ரனும் ஒருபோதும் சம்மதியாது. ஆக, அவருக்கு இருக்கும் ஒரே வழி என் கடிதம். அது போனால் குழுவின் தீர்ப்பு வெறும் ஆலோசனை ஆகிவிடும், பழைய தீர்ப்பும் சேர்த்து. மூன்று வருடக் கணக்கைத் தர்மா அங்கிள் மறுபடி எடுப்பார். றெஜினா அக்கா அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லையென்று ஆகிவிடும், இந்தத் தடவை எழுத்தில்.

நான் றெஜினா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

 அவர் சிரித்தார். "பட்மின்ரன் கழகமோ? நான் ஒருநாளும் மட்டை பிடிச்சதில்லை."

"அக்கா, நான் என்ன செய்ய?"

"எனக்காகப் பொய் எழுதாதை. எனக்கு அது வேண்டாம். ஆனால் ஒண்டு சொல்லுறன். பிழையாலை வந்ததோ சரியாலை வந்ததோ, அண்டைக்குத்தான் முதல்தரம் மூண்டு பேர் இருந்து நான் சொன்னதை முழுக்கக் கேட்டவை. அதை உன்ரை கடிதத்திலை எங்கை போடுவாய் எண்டு யோசி."

அவர் வைத்த பிறகும் நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மேடத்தைக் கேட்டேன். "நீ இப்ப என் ஸ்டாஃப் இல்ல, எழுதினவ கையெழுத்துதான் கேக்கறாங்க. நான் சொன்னா அது என் கடிதம் ஆயிடும்" என்றார். கணவர் நிரோஷனைக் கேட்டேன். "உண்மையை எழுதும், முடிஞ்சுது அலுவல்" என்றார். எந்த உண்மை என்று கேட்டதும் சின்னவனுக்கு உடுப்பு மாற்ற வேண்டும் என்று எழுந்து போனார். அந்த வேலைக்கு அவர் தானாக எழுந்த முதல் நாள் அது.

இதற்குள் மகள் வேறு. முந்தநாள் கம்பளத்தில் பால் ஊற்றிவிட்டு, யாரும் பார்க்காதபோதும் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குத் தானே வந்து "அம்மா, நான்தான் ஊத்தினனான்" என்றாள். கெட்டிக்காரி என்று கொஞ்சினேன். கொஞ்சிவிட்டு, பொத்தானில் விரலை வைத்திருந்து எடுத்த அம்மாவுக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று நினைத்தேன். ஆனால் கம்பளத்தில் பால் ஊற்றினால் துடைக்கலாம். அந்தப் பாலில் யாரும் ஒன்றரை வருடம் குடியிருக்கவில்லை.

மூன்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். முதலாவதில் ஒரே வசனம்: இது என் கைப்பிழை. அது உண்மை. இரண்டாவதிலும் ஒரே வசனம்: ஐந்து கிளையும் வாக்களித்த வசனத்தை என் கைப்பிழை என்று நான் இப்போது அழைக்க முடியாது. அதுவும் உண்மை என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவதில் எல்லாவற்றையும் எழுதினேன், குறிப்பில் இருந்தது, தாளில் இருந்தது, காய்ச்சல், றோல்ஸ், எல்லாம். ஆறு பக்கம் வந்தது. நிரோஷன் வாசித்துவிட்டு "இதை வைச்சு அங்கிள் என்ன செய்யிறது? இதிலை அவர் திருத்தலாமோ, திருத்தக் கூடாதோ?" என்று கேட்டார். நான் ஆறு பக்கத்தையும் நேராக அடுக்கினேன்.

சிவநேசன் அண்ணை சொன்னார், அமெரிக்காவிலேயே இதுதான் இன்னும் தகராறு என்று. எழுதியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பார்ப்பதா, வாக்களித்தவர்கள் முன் இருந்த சொல்லைப் பார்ப்பதா என்று பெரிய பெரிய நீதிபதிகளே ஒத்துப்போகவில்லையாம். அவர்களுக்கு ஒரு வசதி. எழுதியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒருவரையும் தொலைபேசியில் பிடிக்க முடியாது. நான் மல்வேர்னில், தவழும் பிள்ளைக்குப் பின்னால் ஓடிக்கொண்டு, தொலைபேசியோடு இருக்கிறேன்.

சங்கங்களில் இருந்தவர்கள், யாப்பு எழுதியவர்கள், கையெழுத்து வைத்தவர்கள், ஒரு கூட்டத்தில் வாயைத் திறந்ததற்கோ திறக்காததற்கோ பிறகு வருந்தியவர்கள் யாராவது இதை வாசித்தால், எனக்கு எழுதுங்கள். தர்மா அங்கிள் மாத முடிவுவரை தவணை தந்திருக்கிறார். றெஜினா அக்கா இந்தக் கோடை ஒன்றுகூடலுக்கு ஏற்கெனவே மண்டபம் பதிவு செய்துவிட்டார், தலைவி என்று கையெழுத்திட்டு. நான் எந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டும்?